எண்டாவ், பெலும், ஆனைமலை: எந்த எல்லைக் காட்டுக்குப் போவது?

போன மாதம் ஒரு காலையில் எங்கள் பாசிர் ரிஸ் வீட்டுத் தாழ்வாரக் கம்பியில் இருவாச்சிப் பறவை ஒன்று வந்து உட்கார்ந்தது. பன்னிரண்டாவது மாடி. எதிர்வீட்டு அக்காவின் மிளகாய்ச் செடியைத் தலை சாய்த்துப் பார்த்துவிட்டு, பிடிக்கவில்லை போலிருக்கிறது, பறந்துவிட்டது. "இது மலையில இருக்க வேண்டியதுதானேப்பா?" என்றான் மகன். இந்தச் சின்ன ரகம் தாழ்நிலத்திலும் வாழும், 1990களில் உபின் தீவு வழியாகத்தான் சிங்கப்பூருக்கே திரும்பி வந்தது என்று சொல்லிப் பார்த்தேன். அவன் விடவில்லை. மலையில் இருக்கும் பெரிய இருவாச்சிதான் வேண்டுமாம்.

நம் ஊரில் மலை என்று இருப்பது புக்கிட் தீமா, 163 மீட்டர். ஆக, கடப்பிதழை எடுத்தே ஆக வேண்டும். அன்றிரவு சாப்பாட்டு மேசையில் மூன்று பெயர்கள் அடிபட்டன. மூன்று நாள் விடுப்புக்குள் முடிய வேண்டும் என்று மனைவி சொன்னது எண்டாவ் ரொம்பின். ஜொகூருக்கும் பகாங்குக்கும் நடுவே. மகன் கேட்டது ராயல் பெலும். பேராக்கின் வடக்கு முனை, அந்தப் பக்கம் தாய்லாந்து. அம்மா பொள்ளாச்சிக்காரர், அவருக்கு டாப்ஸ்லிப்பைத் தவிர வேறு காடே கிடையாது; அது தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் இடைப்பட்ட ஆனைமலை. மூன்றுமே எல்லையில் கிடக்கிற, காவலில் உள்ள மலைக்காடுகள். மூன்றிலும் அட்டைக்கடி வாங்கியவன் நான்.

முதலில் நாட்காட்டியைப் பாருங்கள். எந்தக் காடு அழகு என்ற பேச்சு அப்புறம். நம் பள்ளி விடுமுறைகளில் ஜூன் மாதம் எண்டாவுக்கு ஏற்றது. ஆனைமலையில் அப்போது தென்மேற்குப் பருவமழை இறங்கியிருக்கும், வால்பாறையில் குடையைப் பிடித்துக்கொண்டு மூடுபனியைத்தான் பார்க்கலாம். டிசம்பரில் நிலைமை தலைகீழ். வடகிழக்கு மழையால் எண்டாவை மூடிவிடுவார்கள், பெலுமும் நனைந்து கிடக்கும், ஆனைமலையோ குளிர்ந்து தெளிந்திருக்கும். மார்ச்சில் ஆனைமலை வேண்டாம். வெயில் ஏறிவிடும், வரையாடு குட்டி போடும் காலம் என்று கேரளப் பக்கத்து இரவிக்குளம் தேசியப் பூங்காவையும் அந்த வாக்கில் மூடிவைப்பார்கள். செப்டம்பரில் ஒரே ஒரு வாரம்தான் விடுமுறை. அந்த வாரம் பெலுமுக்கு. ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

எண்டாவ் மலிவு, பக்கம். ஆனால் பக்கம் என்பதில் ஒரு சூது இருக்கிறது. உட்லண்ட்ஸ் பாலத்தைத் தாண்டி, குளுவாங் வழியாகக் காஹாங் வரை தார்ச்சாலை. அங்கிருந்து பெத்தா நுழைவாயிலுக்கு 56 கிலோமீட்டர் செம்மண் பாதை. நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி இல்லாமல் நடக்காது. போன தடவை அந்த 56 கிலோமீட்டருக்கு ஆன நேரத்தைவிடப் பாலத்து வரிசையில் நின்ற நேரம் அதிகம் என்பது வேறு கதை.

அங்கே பார்க்க வேண்டியது பாறை. உப்பே குலிங் அருவிக்குப் போனால் படுகை முழுக்கக் குழிகள். ஒவ்வொன்றும் யாரோ ஆட்டுக்கல்லைக் குடைந்து வைத்தது போல வழுவழுவென்று வட்டமாக இருக்கும். வெள்ளத்தில் சுழலும் கூழாங்கல் காலங்காலமாகக் கடைந்து கடைந்து உண்டாக்கியவை. ஒரு குழிக்குள் கையை விட்டேன், முழங்கை வரை போயிற்று. அடியில் அந்தக் கல் இன்னும் கிடந்தது, எலுமிச்சம்பழ அளவில். இன்னும் மேலே ஏறினால் புவாயா சங்குட், 'சிக்கிக்கொண்ட முதலை' என்று பொருள். அது நாள் முழுக்கத் தின்றுவிடும் நடை, அம்மாவை அழைத்துப் போகிற இடமில்லை. விலங்கு? யானைச் சாணம் பார்த்தோம், தாப்பிர் என்கிற, பன்றி மாதிரி நீண்ட மூக்குள்ள விலங்கின் கால்தடம் பார்த்தோம். வழிகாட்டியாக வந்த ஜக்கூன் பழங்குடிப் பெரியவர் தடத்தில் விரலை வைத்து, "நேற்று ராத்திரி" என்றார் மலாயில். அவ்வளவுதான் தரிசனம். ஒரு காலத்தில் இங்கே சுமத்ரா காண்டாமிருகம் திரிந்தது. மலேசியாவில் மிஞ்சியிருந்த கடைசிப் பெண் மிருகம் 2019இல் சபாவில் செத்துப்போனது. ஜொகூர் எங்கே முடிந்தது, பகாங் எங்கே தொடங்கியது என்று கடைசி வரை எனக்குத் தெரியவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

பெலுமில் எல்லை என்றால் எல்லைதான். 1989இல் ஹாட்யாய் அமைதி ஒப்பந்தம் கையெழுத்தாகும் வரை இந்தப் பகுதியெல்லாம் கம்யூனிஸ்ட் கொரில்லாக்கள் ஒளிந்திருந்த இடம். 1982இல் திறந்த கிரிக்–ஜெலி நெடுஞ்சாலையைக்கூட ராணுவக் காவலோடுதான் போட்டார்கள். மனிதன் உள்ளே போக அஞ்சியதால் காடு பிழைத்தது என்று நான் நினைப்பதுண்டு. 2007இல் 1,17,500 ஹெக்டேரை மாநிலப் பூங்காவாக அறிவித்தார்கள். நம் தீவைப் போல ஒன்றரை மடங்குக்கும் மேல். முன்கூட்டியே அனுமதி வாங்காமல் நுழைய முடியாது, கடப்பிதழ் நகல் கொடுக்க வேண்டும். சிங்கப்பூரிலிருந்து ஏறக்குறைய 700 கிலோமீட்டர். பினாங்குக்கு விமானத்தில் போய் அங்கிருந்து கார் எடுப்பது முதுகுக்கு நல்லது.

பாண்டிங் தீவுத் துறையிலிருந்து படகு. அணை கட்டியபோது மூழ்கிய மரங்கள் தெமங்கோர் ஏரியில் இன்னும் மொட்டையாக நிற்கின்றன. வீட்டுப்படகில் தூங்கலாம், நடை குறைவு, கரையேறினால் அட்டைக் காலுறை கட்டாயம். மலேசியாவின் பத்து வகை இருவாச்சிகளும் இந்த ஒரே காட்டில் உண்டு. ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் அவற்றில் ஒரு வகை, தொண்டைப் பையில் கோடில்லாதது, கூட்டங்கூட்டமாக எல்லைப் பக்கம் பறக்கிறது; ஒரே மாலையில் ஆயிரக்கணக்கில் எண்ணிய பதிவுகள் இருக்கின்றன. நாங்கள் போன சாயங்காலம் படகோட்டி எஞ்சினை அணைத்தார். முதலில் சத்தம்தான் வந்தது. பக்கத்து வீட்டில் யாரோ முறத்தால் அரிசி புடைப்பது போல, ஸ்ஸப் ஸ்ஸப் என்று. தலைக்கு மேல் பார்த்தால் வரிசை வரிசையாக. மகன் 212 வரை எண்ணினான். அதற்குமேல் இருட்டிவிட்டது.

குறையையும் சொல்லிவிட வேண்டும். ரஃப்லேசியா பூ "உறுதி" என்று சொல்லி எங்களிடம் பணம் வாங்கிய ஏற்பாட்டாளர் ஒருவர், ஒரு மணி நேரம் சேற்றில் நடத்திக் காட்டியது கறுத்து அழுகிய ஒரு குவியலை. மொட்டு முற்ற மாதக்கணக்கில் ஆகும், மலர்ந்தால் ஒரு வாரம்கூட நிற்காது. அதை எவரும் உறுதி சொல்ல முடியாது. சொன்னால் நம்பாதீர்கள். புலியும் அப்படித்தான். மலாயாப் புலி மொத்தமே 150க்கும் குறைவு, அதில் சில இங்கே இருக்கின்றன, உங்களை அது பார்த்திருக்கலாம். யானையை வேண்டுமானால் நெடுஞ்சாலையிலேயே எதிர்கொள்ளலாம். 2025 மே மாதம் அந்தச் சாலையில் லாரி மோதி இறந்த குட்டிக்குப் பக்கத்தில், லாரியில் தலையை முட்டிக்கொண்டு நின்ற தாய் யானையின் காணொளி நம் எல்லாருடைய வாட்ஸ்அப்புக்கும் வந்ததுதானே. இரவில் அந்தச் சாலையில் ஓட்டாதீர்கள்.

கண்ணால் விலங்கு பார்க்க வேண்டுமென்றால் ஆனைமலை. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மலேசியக் காடு அடர்த்தி. பத்தடிக்கு அப்பால் நிற்பது தெரியாது, காதால் பார்க்கிற காடு. ஆனைமலை அங்கங்கே திறந்து கொடுக்கும். டாப்ஸ்லிப்பில் காலையில் பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது வாசலில் காட்டுமாடு மேய்ந்தது. உச்சியிலிருந்து மரத்தைச் சறுக்கிவிட்ட இடம் என்பதால்தான் அந்தப் பெயர். வெட்டித் தீர்த்த தேக்கங்காட்டைத் திரும்ப வளர்த்த வெள்ளைக்கார வன அதிகாரி ஹியூகோ வுட்டின் கல்லறையும் அங்கேதான். கைத்தடியால் குழி போட்டு விதை போட்டுக்கொண்டே நடப்பாராம். அம்மா அங்கே போனால் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நிற்பார்.

இங்கே எல்லை வேடிக்கையானது. சேத்துமடைச் சாவடியில் தமிழ்நாட்டு வனத்துறைக்குப் பணம் கட்டி மேலே வந்து, டாப்ஸ்லிப்பைத் தாண்டினால் ஆனப்பாடியில் கேரள வனத்துறைக்குக் கட்ட வேண்டும். பரம்பிக்குளம் இருப்பது கேரளத்தில், போகிற சாலை தமிழ்நாட்டு வழியாக, அணையைப் பராமரிப்பது தமிழ்நாடு. "சார், இந்த மரத்துல இருக்கற மந்தி எங்களுது, அந்த மரத்துக்குத் தாவிட்டா அவங்களுது" என்றார் கூட வந்த காவலர்.

வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு. வாந்தி வருபவர்கள் இஞ்சி மிட்டாயோடு போகவும். தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே துண்டு துண்டாக நிற்கும் சோலைகளில் சிங்கவால் குரங்கு, பெரிய இருவாச்சி இரண்டும் உண்டு. மகன் கேட்டது இதைத்தான். அத்திமரம் பழுத்திருந்தால் சாலையோரத்திலேயே பார்க்கலாம். யானை நடமாட்டம் இருந்தால் தோட்டத்து முச்சந்தியில் சிவப்பு விளக்கு எரியும். கைப்பேசியிலிருந்தே அதை எரியவிடுகிறார்கள். அது எரிந்தால் விடுதியைவிட்டு நகரக் கூடாது. மறையூர் பக்கம் சுற்றிப் போனால் இரவிக்குளம்: 2,695 மீட்டர் ஆனைமுடி, பேருந்தை விட்டு இறங்கியதுமே பாறையில் அசைபோட்டு நிற்கும் வரையாடு. 2025இல் இரண்டு மாநிலமும் சேர்ந்து எண்ணியதில் 2,668. ஆனால் கூட்டம், அப்பப்பா. வரிசையில் நின்ற நேரத்தில் எனக்கு உட்லண்ட்ஸ் ஞாபகம் வந்துவிட்டது.

செலவைப் பார்த்தால் எண்டாவ்தான் குறைவு. ஆனைமலைக்குக் கோயம்புத்தூர் விமானச் சீட்டு, அதிலும் டிசம்பரில், கையைக் கடிக்கும். சொந்தக்காரர் வீட்டில் தங்கினால் ஈடுகட்டலாம், வீடு வீடாகக் காபி குடித்தே இரண்டு நாள் போய்விடும் என்பதையும் கணக்கில் சேர்க்கவும்.

எங்கள் வீட்டில் செப்டம்பருக்குப் பெலும் என்று முடிவாகிவிட்டது. மகனின் கடப்பிதழ் ஆகஸ்டோடு காலாவதியாகிறது, நேற்றுதான் கவனித்தேன். அம்மா வரவில்லையாம். டிசம்பரில் டாப்ஸ்லிப்புக்கு இப்போதே அறை போட்டுவிடு, அந்த வாசல் அறையாகப் பார்த்துப் போடு என்று சொல்லியிருக்கிறார்.