மின் பாதுகாப்புப் பயிற்சி: சான்றிதழ் தரும் வகுப்பா, ஆலைக்குள்ளேயே செய்முறையா?

தமிழ்நாட்டுத் தொழிற்சாலைகளில் மின் பாதுகாப்புப் பயிற்சி என்று பேச்செடுத்தால், வெளி நிறுவனம் நடத்தும் ஒருநாள் வகுப்பு, ஆலையின் மின் மேற்பார்வையாளரே பேனல்களின் முன் நிறுத்திக் கற்றுத்தரும் செய்முறை என இரண்டு வழிகள் முன்னால் வருகின்றன. இவற்றில் எதுவும் உரிமத்துக்கு ஈடாகாது. விளக்கு, ஃபியூஸ், சுவிட்ச் மாற்றுவது போன்ற சிறு வேலைகள் நீங்கலான மின்னமைப்புப் பணிகளை, உரிமம் பெற்ற ஒப்பந்ததாரரைக் கொண்டு, தகுதிச் சான்றிதழ் உள்ளவரின் நேரடி மேற்பார்வையில்தான் செய்ய வேண்டும் என்கின்றன மத்திய மின்சார ஆணையத்தின் விதிமுறைகள். ஒருநாள் வகுப்பின் சான்றிதழை ஃபிரேம் போட்டுச் சுவரில் மாட்டினாலும் அந்தத் தகுதி வந்துவிடாது.

வகுப்பின் பலம் சட்டத்தில் இருக்கிறது. 2010ஆம் ஆண்டு விதிமுறைகளுக்குப் பதிலாக 2023இல் புதியவை வந்துவிட்டன. ஆலைக்குள்ளேயே உழல்பவருக்கு இந்த மாற்றம் தெரியாமல் போகலாம். வகுப்பெடுக்க வருபவர் இன்னும் 2010ஐயே மேற்கோள் காட்டினால், அவருக்குக் கட்டணம் கொடுப்பதில் பொருளில்லை.

செய்முறையின் பலமோ அந்தந்த ஆலையின் வயரிங்கில் இருக்கிறது. மின்வாரிய சப்ளையை நிறுத்திய பிறகும் ஜெனரேட்டர் வழியாகவோ யு.பி.எஸ். வழியாகவோ எந்த பேனலுக்கு மின்சாரம் திரும்பி வரக்கூடும், பவர் ஃபேக்டர் பேனலில் மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் கெப்பாசிட்டர்களில் அது இன்னும் தங்கியிருக்கிறதா என்பதையெல்லாம் திரையில் ஓடும் படங்கள் சொல்லித்தராது. பிரேக்கரை நிறுத்திப் பூட்டு போட்டு, சாவியைத் தன் பையிலேயே வைத்துக்கொண்டு, எச்சரிக்கை அட்டையை மாட்டி, மின்சாரம் இருக்கும் ஓரிடத்தில் டெஸ்டரைச் சோதித்து, வேலை செய்யும் இடத்தில் மின்சாரம் இல்லை என்று பார்த்து, டெஸ்டர் இடையில் பழுதாகவில்லை என்பதை உறுதிசெய்ய மறுபடியும் முதல் இடத்தில் வைத்துப் பார்க்கும் வரிசை, கையால் செய்து பழகினால்தான் படியும். ஆனால் மேற்பார்வையாளரே இந்த வரிசையை விட்டுவிட்டு, முனை பட்டால் சிறு விளக்கெரியும் நியான் டெஸ்டரை மட்டும் நம்பிக் காலம் தள்ளுபவராக இருந்தால், இந்த வழி அவருடைய கெட்ட பழக்கத்தை எல்லோருக்கும் பரப்பிவிடும்.

மின்னதிர்ச்சி முதலுதவியில் செய்முறைக்கே என் வாக்கு. உள்ளூர் மொழியிலும் முதலுதவிக் குறிப்புகளை ஒட்டினால் மட்டும் போதாது, பொறுப்பளிக்கப்பட்ட பணியாளர்கள் அவற்றைச் செய்துகாட்டும் திறனோடு இருக்க வேண்டும் என்றும் விதி எதிர்பார்க்கிறது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் இயந்திரங்களில் நிற்கும் திருப்பூரில், தமிழ்ச் சுவரொட்டியை அவர்களில் எத்தனை பேர் படிப்பார்கள்? இதயம் நின்றவருக்குச் செய்யும் மார்பழுத்தத்தைப் பொம்மையில் அழுத்திப் பார்க்க மொழி பெரிய தடையில்லை.

ஆகவே, எல்லோரையும் வகுப்புக்கு அனுப்பப் பணம் இல்லையென்றால், மேற்பார்வையாளரையும் பாதுகாப்பு அலுவலரையும் மட்டும் வகுப்புக்கு அனுப்பிவிட்டு, மற்றவர்களுக்கு வாரவிடுமுறையில் சப்ளையை நிறுத்திச் செய்முறை நடத்துவதே மேல். வருகைப் பதிவேட்டில் கையெழுத்து மட்டும் வாங்காமல், யார் எந்த பேனலைப் பூட்டிச் சோதித்தார் என்பதையும் தேதியோடு எழுதி வைக்க வேண்டும்.