லண்டன்ஸ் பல்ஸ்: எல்லையோர சுகாதாரப் பணியாளருக்கு ஒரு நல்ல பயிற்சிக் களம்

லண்டனின் வெல்கம் கலெக்ஷன் என்ற மருத்துவ வரலாற்று நூலகம் இணையத்தில் இலவசமாகத் திறந்து வைத்திருக்கும் 'லண்டன்ஸ் பல்ஸ்' தொகுப்பில், 1848 முதல் 1972 வரை லண்டன் வட்டார சுகாதார அதிகாரிகள் எழுதிய 5,500-க்கும் மேற்பட்ட ஆண்டறிக்கைகள் இருக்கின்றன. தமிழக-கேரள எல்லையில், நம் பக்கத்துக் களியக்காவிளை, கேரளப் பக்கத்துப் பாறசாலை வட்டாரத்தில் நோய்க் கண்காணிப்பு வேலை பழகும் சுகாதார ஆய்வாளர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். ஒரு குழந்தையின் நோய் எந்த ஊர்க் கணக்கில் ஏறுகிறது என்பதை இதைப்போல் விளங்கவைப்பது வேறில்லை.

இரண்டு உலகப்போர்களுக்கு இடைப்பட்ட வருடங்களில் தொடங்குங்கள். லண்டனை ஒட்டிய மிடில்செக்ஸ் பகுதியின் வெம்பிளி, ஹேய்ஸ்-ஹார்லிங்டன் மாதிரி 'அர்பன் டிஸ்ட்ரிக்ட்'கள் (நகர்ப்புற உள்ளாட்சிகள்) அளவில் சிறியவை. அறிக்கையை ஒரே மாலையில் படித்துவிடலாம். நேராக 'அறிவிக்கப்பட்ட தொற்றுநோய்கள்' பட்டியலுக்குப் போங்கள். நோயின் பெயர், அறிவிக்கப்பட்டவர், மருத்துவமனையில் சேர்ந்தவர், இறந்தவர் என்று கட்டங்கள் ஓடும். வயதுவாரிப் பட்டியல் கூடவே இருந்தால் அதுதான் பொக்கிஷம். தொண்டை அடைப்பான் (டிப்தீரியா) எந்த வயதில் கொத்தாக விழுகிறது என்று ஒரு பார்வையில் தெரியும்.

இனி, கவனம் தேவைப்படும் இடங்கள். அந்தப் பட்டியலில் மணல்வாரி (தட்டம்மை) இல்லையென்றால் ஊரில் மணல்வாரி இல்லை என்று அர்த்தமில்லை. 1916 முதல் 1919 வரை மணல்வாரி சில காலம் அந்தப் பட்டியலில் இருந்ததைத் தவிர, மணல்வாரியும் கக்குவான் இருமலும் இங்கிலாந்து முழுக்க நிலையாகக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோய்களானது 1940-ல்தான். அதற்கு முன்பு பள்ளித் தலைமையாசிரியர் அனுப்பிய தகவலையும், இறப்புக் காரணப் பட்டியலையும் சேர்த்துப் பார்த்தால்தான் உண்மை பிடிபடும். டைபாய்டைத் தேடுபவர் 'என்டெரிக் ஃபீவர்' என்ற அதன் இன்னொரு பெயரிலும் தேட வேண்டும்.

தொண்டை அடைப்பான் எண்ணிக்கையிலும் ஒரு சிக்கல். தொண்டையில் பஞ்சுக்குச்சி வைத்துச் சோதிப்பது கூடக்கூட, நோயே வராமல் கிருமியை மட்டும் சுமக்கும் பிள்ளைகளும் சில ஊர்களில் கணக்கில் சேர்ந்துவிடுவார்கள். நோயாளி எண்ணிக்கை ஏறும், நூற்றுக்கு எத்தனை இறப்பு என்ற விகிதம் இறங்கும். சிகிச்சை மேம்பட்டதாக அவசரமாக எழுதிவிடக் கூடாது. தடுப்பூசிப் பகுதியையும் விடாதீர்கள். பிரெஞ்சு விஞ்ஞானி ரமோனின் டாக்சாய்டு (தொண்டை அடைப்பான் தடுப்பூசி மருந்து) 1923-லேயே வந்தும், இங்கிலாந்தில் நாடு தழுவிய தடுப்பூசி இயக்கம் 1940-ல்தான் தொடங்கியது. அந்தப் பதினேழு வருட இடைவெளியில் போன பிள்ளைகளின் எண்கள்தான் இந்தப் பட்டியல்களில் வரிசையாக நிற்கின்றன. படிக்கும்போது மனம் கனக்கிறது.

எல்லைக்கோட்டுக்கு வருவோம். 1934-ல் கிங்ஸ்பரி வெம்பிளியோடு சேர்ந்தது. 1933, 1934 எண்களை அப்படியே பக்கத்தில் வைத்து 'நோய் கூடிவிட்டது' என்றால் தப்பு, கூடியது ஜனத்தொகை. வெளியூர் மருத்துவமனையில் இறந்த குழந்தையைச் சொந்த ஊர்க் கணக்கில் ஏற்றி, உள்ளூரில் இறந்த வெளியூர்க் குழந்தையைக் கழிக்கும் வரிகளையும் தேடிப் பாருங்கள். இங்கே களியக்காவிளைக் குழந்தைக்கு மூச்சுத் திணறினால் குடும்பம் திருவனந்தபுரத்தில் உள்ள எஸ்.ஏ.டி. அரசு மருத்துவமனைக்குத்தான் ஓடும். சேர்க்கும்போது பாறசாலையில் இருக்கும் அம்மாச்சி வீட்டு விலாசத்தைக் கொடுத்துவிட்டால் நோயாளி கேரளக் கணக்கில் ஏறுவார், நம் பக்கம் பூஜ்யம் நிற்கும், தடுப்பூசி விடுபட்ட தெருவைத் தேடி யாரும் போக மாட்டார்கள். 'கடந்த மூன்று வாரம் குழந்தை எங்கே தூங்கியது?' என்று கேட்டு, அந்த விலாசத்தையும் லைன் லிஸ்டில் (நோயாளிக்கு ஒரு வரி எழுதும் பட்டியலில்) தனிக் கட்டமாக எழுதுங்கள்.

குறைகளும் உண்டு. எல்லாம் ஆங்கிலம்தான். கணினி படித்தெடுத்த எழுத்தில் 3-ம் 8-ம் மாறிக் கிடக்கலாம். எண்ணை எடுக்குமுன் பக்கப் படத்தோடு ஒப்பிட்டு, வரிசையைக் கூட்டி மொத்தத்தோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். சின்ன ஊரில் மூன்று இறப்பு ஐந்தானாலும் விகிதம் எகிறும். ஒரே வருடத்தை நம்பாமல் ஐந்து வருடத்தைச் சேர்த்துக் கணக்கிடுங்கள். கைப்பேசியில் முழு அறிக்கையையும் இறக்கினால் டேட்டா தீரும், தேவையான பட்டியல் பக்கத்தை மட்டும் படமாக எடுத்துக்கொண்டால் போதும்.