பன்னிரண்டு ஆண்டுகளாக குனோம்: எனக்குப் போதும், ஐயாவுக்கு வேண்டாம்

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார். ஊரின் குளங்களையும் வாய்க்கால்களையும் பற்றி ஆறு ஆண்டுகளாக எழுதிக்கொண்டிருக்கிறார். அவருடைய மேசைக்கணினியில் இருந்தது விண்டோஸ் 10. அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 கேட்கிற டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு அவருடைய பழைய கணினியில் இல்லை. "தம்பி, நீங்கள் வைத்திருப்பதையே எனக்கும் போட்டுக் கொடுத்துவிடுங்கள். நன்றாகத்தானே இருக்கிறது?" என்று கேட்டார்.

நான் வைத்திருப்பது விண்டோஸுக்குப் பதிலாக இயங்கும் டெபியன் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம், அதன் மேல் குனோம் முகப்பு, அதாவது திரையில் தெரியும் பட்டைகளும் சாளரங்களும். மொழிபெயர்ப்புதான் என் தொழில். 2013இல் டெபியன் 7 வந்ததிலிருந்து ஒரு நாளைக்கு எட்டு மணி நேரமாவது இந்தத் திரைக்கு முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறேன். அப்படியிருந்தும் ஐயாவின் கேள்விக்கு உடனே "ஆமாம்" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

குனோம் 2 பழகியவர்களுக்கு 2011 ஏப்ரலில் என்ன நடந்தது என்பது நினைவிருக்கும். குனோம் 3 வந்தபோது கீழே இருந்த பணிப்பட்டை போனது. திரையில் கோப்புகளை வைக்கும் வழக்கம் போனது. சாளரத்தின் மூலையில் இருந்த மூன்று பொத்தான்களில் சுருக்குவதும் பெரிதாக்குவதும் போய், மூடுவது மட்டும் மிஞ்சியது. கணினியை அணைக்கும் கட்டளைகூட முதல் பதிப்பில் ஆல்ட் விசையை அழுத்தினால்தான் கண்ணில் படும். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் வெளிப்படையாகத் திட்டிவிட்டு எக்ஸ்எஃப்சிஇ முகப்புக்குப் போனார். அர்ஜென்டினாவைச் சேர்ந்த ஒரு பயனர் பழைய குனோம் 2இன் நிரலை எடுத்து, தம் நாட்டு மக்கள் குடிக்கும் ஒரு பானத்தின் பெயரால் மாட்டே என்று புதிதாகத் தொடங்கினார். லினக்ஸ் மின்ட் என்ற இன்னொரு லினக்ஸ் வகையின் குழுவினர் சின்னமன் முகப்பை உருவாக்கினார்கள். லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டு அதே ஆண்டில் யூனிட்டி என்று தனி வழியில் போய், 2017இல் குனோமுக்கே திரும்பிவந்தது. டோர்வால்ட்ஸும் 2013இல் திரும்பினார், நீட்சிகள் எனப்படும் கூடுதல் சிறு நிரல்களின் துணையோடு.

நான் போய்த் திரும்பியவன் இல்லை. பழைய டெபியனிலிருந்து மேம்படுத்திய அன்று திரை வெறுமையாக இருந்ததைப் பார்த்துக் கோபப்பட்டேன். மறுநாளும் கோபப்பட்டேன். ஆனால் கையில் கெடு நெருங்கிய ஒரு புத்தகம் இருந்தது. வேறு முகப்பைத் தேடிப் பார்க்க நேரமில்லாமல் அதிலேயே உட்கார்ந்து முடித்தேன். முடித்தபோது கை பழகியிருந்தது.

பழகாத ஒன்று மட்டும் பன்னிரண்டு ஆண்டுகளாக அப்படியே இருக்கிறது. ஆல்ட், டேப்.

மொழிபெயர்க்கும்போது லிப்ரே ஆபிஸ் என்ற எழுதும் செயலியில் எனக்கு மூன்று ஆவணங்கள் திறந்திருக்கும்: மூலம், மொழிபெயர்ப்பு, கலைச்சொல் பட்டியல். ஒரு வாக்கியத்துக்கு இரண்டு முறையாவது மூலத்துக்கும் மொழிபெயர்ப்புக்கும் இடையே போய்வருவேன். இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்தினால் அடுத்த சாளரம் வந்துவிடும் என்பது கைக்குத் தெரிந்த பாடம். குனோம் 3இல் அப்படி வராது. ஆல்ட், டேப் இரண்டையும் அழுத்தினால் அது செயலிகளைத்தான் வரிசைப்படுத்தும், சாளரங்களை அல்ல. என் மூன்று ஆவணங்களும் ஒரே லிப்ரே ஆபிஸ் சின்னத்துக்குள், கீழே ஒரு சிறு அம்புக்குறியோடு ஒடுங்கிக் கிடக்கும். மூலத்தைத் தேடி அழுத்தினால் உலாவி வந்து நிற்கும். ஒரே செயலியின் சாளரங்களுக்குள் மாற வேண்டுமென்றால் ஆல்ட்டோடு டேப் விசைக்கு மேலே உள்ள விசையை அழுத்த வேண்டும். ஆக, போக வேண்டிய ஆவணம் எந்தச் செயலியில் இருக்கிறது என்று முதலில் யோசித்துவிட்டுத்தான் விரலை நகர்த்த வேண்டும். எழுதிக்கொண்டிருப்பவனுக்கு அந்த யோசனையே இடைஞ்சல். நான் தேடுவது இரண்டாம் இயலின் நான்காவது பத்தி. அது எந்தச் செயலியில் திறந்திருந்தால் எனக்கென்ன?

இதை மாற்ற முடியும். அமைப்புகளில் விசைப்பலகைக் குறுக்குவழிகளுக்குப் போய், சாளரங்களுக்கிடையே மாறும் கட்டளைக்கு ஆல்ட், டேப் இரண்டையும் ஒதுக்கிவிட்டால் பழையபடி ஆகிவிடும். அரை நிமிட வேலை. நானும் மாற்றித்தான் வைத்திருக்கிறேன். ஆனாலும் ஒவ்வொரு புதிய கணினியிலும், ஒவ்வொரு புதிய கணக்கிலும் அந்த அரை நிமிடத்தைத் திரும்பச் செலவிட வேண்டியிருக்கிறது. மாற்ற மறந்த நாளில் முதல் வாக்கியத்திலேயே தடுக்கி விழுகிறேன்.

நியாயமாகப் பேசினால், எதிர்த்தரப்புக்கும் சொல்வதற்கு இருக்கிறது. நிரலாளரான என் தங்கை மகன் கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் இருபது முனையச் சாளரங்களைத் திறந்துவைத்திருப்பவன். அவனுக்கு இந்தத் தொகுப்பு முறைதான் பிடிக்கிறது. "மாமா, இருபதையும் ஒவ்வொன்றாகத் தாண்டி உலாவிக்குப் போக எவ்வளவு நேரமாகும்?" என்று கேட்கிறான். மேக் கணினிகளிலும் நெடுங்காலமாகச் செயலிவாரியாகத்தான் மாறுகிறார்கள். அவன் வேலைக்கு அது சரி. என் குறை முன்னிருப்பைப் பற்றியது, அதாவது நாம் மாற்றாதவரை இருக்கும் அமைப்பைப் பற்றியது. மூன்று ஆவணங்களோடு உட்காரும் எழுத்தரும் ஆசிரியரும் அந்த முடிவை எடுத்தவர்களின் கண் முன்னால் இருந்தார்களா என்றுதான் கேட்கிறேன்.

இவ்வளவு குறை சொல்கிறவன் ஏன் இன்னும் இதையே வைத்திருக்கிறான்?

விண்டோஸ் படம் போட்ட விசையை லினக்ஸில் சூப்பர் என்பார்கள். அதைத் தட்டினால் திறந்திருக்கும் சாளரங்களெல்லாம் சிறிதாகி, ஒன்றையொன்று மறைக்காமல் திரையில் பரவி நிற்கும். கடைசியில் எப்போதும், சாளரங்களை வைத்துக்கொள்ளும் தனித் திரை போன்ற ஒரு காலிப் பணியிடம் காத்திருக்கும். அதில் எதையாவது வைத்தால் அதற்கப்பால் இன்னொரு காலிப் பணியிடம் தானே தோன்றும். ஒரு புத்தகம் ஒரு பணியிடத்தில், கடிதங்கள் அடுத்ததில், வங்கிக் கணக்கு அதற்கடுத்ததில். குனோம் 40 வரும்வரை இவை மேலும் கீழுமாக அடுக்கியிருந்தன. 2021 மார்ச்சில் அவற்றைப் பக்கவாட்டில் திருப்பிவிட்டார்கள். டெபியனில் அந்த மாற்றம் 2023இல்தான் எனக்குக் கிடைத்தது. பல ஆண்டுகள் மேலும் கீழும் போன கை ஒரு வாரம் தடுமாறியது. பிறகு இதுதான் இயல்பாக இருந்தது. புத்தகத்தின் பக்கங்களும் பக்கவாட்டில்தானே போகின்றன.

நான் எதிர்பாராமல் கண்டெடுத்த பரிசு ஒன்றும் இதற்குள் இருக்கிறது. விசைப்பலகை அமைப்பில், உள்ளீட்டு மொழி எல்லாச் சாளரங்களுக்கும் பொதுவாக இருக்கட்டுமா, ஒவ்வொன்றுக்கும் தனியாக இருக்கட்டுமா என்று ஒரு தேர்வு உண்டு. பொதுவாக வைத்திருப்பதுதான் முன்னிருப்பு. தனித்தனியாக மாற்றிவிட்டேன். அன்றிலிருந்து மொழிபெயர்ப்பு ஆவணம் தமிழ்99 விசைப்பலகையை நினைவில் வைத்திருக்கிறது. மூல ஆவணத்தில் தேடுவதற்குப் போனால் ஆங்கிலம் தானாக வருகிறது. திரும்பினால் தமிழ் காத்திருக்கிறது. இரண்டு மொழிகளில் பிழைப்பு நடத்துகிறவர்களுக்குத்தான் இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று தெரியும். ஒரு நாளைக்கு நூறு முறை செய்துகொண்டிருந்த மொழிமாற்றம் பத்தாகக் குறைந்துவிட்டது. இதைக் கண்டுபிடித்த இரவில் வீட்டில் எல்லோரையும் எழுப்பிச் சொல்ல வேண்டும்போல் இருந்தது.

மற்றதெல்லாம் நன்றாகவே இருக்கிறது. இரவில் திரையின் நீலத்தைக் குறைக்கும் வசதி, குனோம் 48இல் வந்த கண்ணுக்கு ஓய்வு நினைவூட்டல், இரண்டுமே உருப்படியானவை.

ஐயா கேட்ட நேரம்தான் சரியில்லை. அப்போதுதான் டெபியன் 12இலிருந்து 13க்கு மேம்படுத்தியிருந்தேன். அதாவது குனோம் 43இலிருந்து நேராக 48. நடுவே 2023 செப்டம்பரில் வந்த 45ஆம் பதிப்பு, நீட்சிகள் எழுதப்படும் முறையையே மாற்றிவிட்டது. அதற்கு முன் எழுதப்பட்ட எந்த நீட்சியும் திருத்தி எழுதாமல் அதில் ஓடாது. என்னிடம் ஒரு சிறு நீட்சி இருந்தது. தமிழ் உள்ளீடு இயங்கும்போது மேற்பட்டையின் நிறத்தை மாற்றுவதுதான் அதன் ஒரே வேலை. எழுதியவர் எப்போதோ விட்டுவிட்டுப் போய்விட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், காசு வாங்காமல் செய்தவர்.

அது போனபின்தான் அதன் அருமை தெரிகிறது. நிறம் மாறினால் ஓரக்கண்ணுக்கே தெரியும். இப்போது மேல் வலது மூலையில் ஆங்கிலச் சிற்றெழுத்தில் இரண்டெழுத்துக் குறி மட்டும் இருக்கிறது. பழைய சாளரங்களுக்கு அவற்றின் மொழி நினைவிருக்கும், சிக்கலில்லை. புதிதாக ஒன்றைத் திறந்ததும் எந்த மொழியில் இருக்கிறோம் என்று அறிய, எழுதும் வரியைவிட்டுக் கண்ணை எடுத்து, திரையின் அந்த மூலைவரை கொண்டுபோய்த் திரும்ப வேண்டும். ஐம்பதைத் தாண்டிய கண்ணுக்கு, இரட்டைக் குவியக் கண்ணாடியின் எந்தப் பகுதி வழியாக அந்தக் குறியைப் பார்ப்பது என்பதே ஒரு வேலை. அதே 45ஆம் பதிப்பில்தான் இடது மூலையில் இருந்த ‘ஆக்டிவிட்டீஸ்’ என்ற சொல்லையும் எடுத்துவிட்டுப் புள்ளிகளை வைத்தார்கள். சொல்லுக்குப் பதில் புள்ளி, நிறத்துக்குப் பதில் இரண்டெழுத்து. அழகாக இருக்கிறது என்கிறவர்களோடு எனக்குச் சண்டையில்லை. எனக்குக் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஐயாவின் வீட்டுக்குப் போனேன். அவர் கேட்டபடியே டெபியனும் குனோமும் போட்டேன். அவருடைய கோப்புகளையெல்லாம் பென் டிரைவில் எடுத்துவைத்திருந்தேன். அவற்றை டெஸ்க்டாப் என்ற கோப்புறையில் இட்டுவிட்டு, "பாருங்கள் ஐயா" என்று நாற்காலியைத் தந்தேன்.

கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு திரையைப் பார்த்தார். ஒரு நிறைவான நீலம், வேறொன்றும் இல்லை. "குளங்கள் எங்கே?" என்றார். அவருடைய கணினியில் ஒவ்வொரு குளத்துக்கும் ஒரு கோப்பு உண்டு. திரையின் இடப்பக்கத்தில் வடக்கிலிருந்து தெற்காக, ஊரில் அவை இருக்கும் வரிசையிலேயே அடுக்கிவைத்திருந்தார். ஆறு ஆண்டுகளாக அதுதான் அவருக்கு வரைபடம். கோப்புறைக்குள் எல்லாம் பத்திரமாக இருப்பதைத் திறந்து காட்டினேன். அகர வரிசையில் இருந்தன. "வரிசை மாறிவிட்டதே" என்றார்.

ஒரு குளத்தைத் திறந்து இரண்டு வரி எழுதினார். அடுத்த குளத்தைப் பார்க்க இதைச் சற்றே கீழே இறக்கிவைக்க வேண்டும். மவுஸ் அம்பு மேல் மூலைக்குப் போயிற்று. அங்கே பெருக்கல் குறி ஒன்றுதான் இருந்தது. கழித்தல் குறியைத் தேடினார், இல்லை. மெதுவாக அம்பை விலக்கி மேசைமேல் கையை எடுத்து வைத்துக்கொண்டார். தவறாகத் தொட்டால் எழுதியது போய்விடுமோ என்று அஞ்சியவரைப்போல அந்தக் கை அசையாமல் இருந்தது. "இதை எப்படித் தம்பி ஒதுக்கிவைப்பது?"

சூப்பர் விசையைச் சொன்னேன். ட்வீக்ஸ் என்ற செயலி வழியாகக் கழித்தல் குறியைத் திரும்பக் கொண்டுவரலாம், திரையில் கோப்புகளைக் காட்டுவதற்கும் ஒரு நீட்சி இருக்கிறது என்பதெல்லாம் எனக்குத் தெரியும். என் நீட்சி போன எரிச்சல் ஆறாத நேரம் அது. இன்னும் இரண்டு ஆண்டுகளில் அடுத்த டெபியன் வரும். அப்போது அவருடைய குளங்களைத் தாங்கி நிற்கும் நீட்சியும் ஓடாமல் நின்றால் எழுபது வயதுக்காரரிடம் நான் என்ன விளக்கம் சொல்வது?

அங்கேயே உட்கார்ந்து மாட்டேயை நிறுவினேன். 2011இல் பழசு என்று ஒதுக்கப்பட்ட அதே முகப்பின் வாரிசு. உள்நுழையும் திரையில் பற்சக்கரத்தை அழுத்தித் தேர்ந்தெடுத்தால் போதும். கீழே பட்டை வந்தது, கழித்தல் குறி வந்தது, கோப்புகள் திரையில் தோன்றின. ஐயா ஒன்றும் பேசவில்லை. ஒவ்வொரு குளத்தையும் மவுஸால் இழுத்து வடக்கிலிருந்து தெற்காக அடுக்கத் தொடங்கினார். ஏழாவது குளத்தை வைத்தபின், "இனி நீங்கள் காபி குடிக்கலாம்" என்றார்.

ஆகவே என்னிடம் கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். இரண்டு மொழிகளில் எழுதுகிறவராக இருந்து, சுட்டியைவிட விசைகளை அதிகம் நம்புகிறவரானால் குனோமைவிட நல்ல இடம் எனக்குத் தெரிந்து இல்லை. ஆனால் இந்த வாரம் என்னிடம் யார் கேட்டாலும் மாட்டேதான் போட்டுக் கொடுப்பேன். என் கணினியில் குனோமை எடுக்கவும் மாட்டேன். இதைப் புதிய சாளரத்தில் எழுதத் தொடங்கியபோது முதல் வரி முழுவதும் ஆங்கில எழுத்துகளாக விழுந்தது. மேல் மூலையைப் பார்த்துவிட்டு, அழித்து, மறுபடி எழுதினேன்.