கீழ் செட்டோடு நான்கு வருடம்

போன மாதம் கீழ் பல்செட் கை தவறி வாஷ்பேசினில் விழுந்து நட்டநடுவில் இரண்டாகப் பிளந்தது. பையன் ஃபெவிக்விக்கோடு ஓடிவந்தான், தடுத்துவிட்டேன். மயிரிழை விலகி ஒட்டினாலும் அப்புறம் அது ஈறில் உட்காராது, லேபில் சரிசெய்வதும் கஷ்டம். துண்டுகளைச் சேர்த்து, உள்பக்கம் புதிதாக அக்ரிலிக் பூசி (ரீலைன் என்கிறார்கள்) கைக்கு வர ஐந்து நாள் ஆனது. அந்த ஐந்து நாளில்தான் பழநி நண்பன் போன் செய்து, "எனக்கும் பல்லெல்லாம் ஆடுது, செட் கட்டிக்கலாமாடா?" என்று கேட்டான். கீழ் வரிசை இல்லாத வாயால் நான் சொன்ன பதில் அவனுக்குப் பாதி புரியவில்லையாம். எழுதிவிடுகிறேன், படித்துக்கொள்ளட்டும்.

மேல் செட் மேல் எனக்குப் புகாரே கிடையாது. முதல் பத்து நாள் குமட்டியது, 'ச' சொன்னால் விசிலடித்தது, பேப்பரைச் சத்தம் போட்டுப் படித்துப் படித்தே சரியானது. அண்ணம் முழுவதும் பரவி உட்கார்கிறது, இடையில் இருக்கும் எச்சில் படலமே இழுத்துப் பிடித்துக்கொள்கிறது, காலையில் வைத்தால் இரவு கழற்றும்வரை அசையாது. மூன்றாவது வாரமே ஒரு கல்யாணப் பந்தியில் அப்பளத்தை நொறுக்கினேன்.

கீழ் செட் வேறு ரகம். லாடம் மாதிரி ஒரு வளைவு, அவ்வளவுதான். உள்ளேயிருந்து நாக்கு தள்ளும், வெளியேயிருந்து கன்னமும் உதடும் தள்ளும், கொட்டாவி விட்டால் எழும்பும், முன்பல்லால் எதையாவது கடித்தால் பின்பக்கம் தூக்கிக்கொள்ளும். அதனால் எல்லாவற்றையும் சின்னதாக நறுக்கி, இரண்டு பக்கமும் சமமாகப் போட்டு மெல்ல வேண்டியிருக்கிறது. எள்ளுருண்டைகூடப் பரவாயில்லை. கொய்யா விதை ஒன்று அடியில் போய் மாட்டினால் உயிர் போகும், நாலு பேர் நடுவில் கழற்றவும் முடியாது. நான்கு வருடமாக எனக்கும் கொய்யாவுக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

புண் விஷயத்தில் ஒரு முட்டாள்தனம் செய்தேன். வலித்ததும் கழற்றி வைத்துவிட்டு நான்கு நாள் கழித்து டாக்டரிடம் போனால், புண் ஆறியிருந்தது, எங்கே உரசுகிறது என்று அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. போவதற்கு முதல் நாளாவது போட்டிருக்க வேண்டும். தடம் தெரிந்தால்தான் அந்த இடத்தை மட்டும் ராவிவிடுவார். பொறுமையில்லாமல் நானே உப்புத்தாள் வைத்துத் தேய்த்ததில் அந்தப் பக்கம் இன்னும் தளர்ந்ததுதான் மிச்சம். ஆனால் இரண்டு வாரமாகியும் ஆறாத புண் என்றால் செட் உரசுகிறது என்று நினைத்துச் சும்மா இருக்கக் கூடாது, கட்டாயம் காட்டிவிட வேண்டும்.

பேஸ்ட் போட்டுத் தேய்க்காதீர்கள், கீறல் விழுந்து அதில் டீக் கறை ஏறுகிறது. மெத்தென்ற பிரஷ், பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு போதும். சுடுதண்ணீர் பட்டால் வளைந்துவிடும். பேசினில் தண்ணீர் நிரப்பி அல்லது துண்டு விரித்து அதன்மேல் வைத்துக் கழுவ வேண்டும், அன்றைக்கு மட்டும் நான் செய்யவில்லை. இரவில் கழற்றிப் பச்சைத்தண்ணீரில் போட்டுவிடுங்கள். சம்பந்தி வீட்டில் தங்கியிருந்தபோது கூச்சப்பட்டு ஒரு வாரம் கழற்றாமலே தூங்கினேன், அண்ணம் செக்கச்செவேலென்று ஆகி, பூஞ்சை என்று மருந்து தடவ வேண்டியதாயிற்று.

என் கோபம் இதிலெல்லாம் இல்லை. பல் போனதும் ஈறுக்கு அடியில் எலும்பு தேய ஆரம்பிக்கிறது, முதல் வருடம் வேகமாக. அதுவும் கீழ்த்தாடையில் மேலே இருப்பதைப்போல் சுமார் 4 மடங்கு. நன்றாக உட்கார்ந்த செட்டும் தளர்வது இதனால்தான், நானோ ஒரு வருடம் பசையை அப்பி அப்பி ஓட்டிக்கொண்டிருந்தேன். கீழ்த்தாடைக்கு இரண்டு இம்பிளாண்ட் (எலும்பில் பதிக்கும் திருகு) வைத்து அதில் மாட்டும் செட்டே முதல் தேர்வாக இருக்க வேண்டும் என்று கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள் 2002-லேயே சொல்லியிருக்கிறார்கள். நான் போன இடத்தில் அந்தப் பேச்சே எழவில்லை. சரி, அதற்குப் பணம் வேண்டும், விடுங்கள். கீழே ஆடாமல் இருந்த என் இரண்டு கோரைப்பற்களையும் "செட்டுக்கு இடைஞ்சல்" என்று பிடுங்கினார்களே! வேரை விட்டுவைத்து அதன்மேலேயே செட் கட்டலாம், எலும்பும் அவ்வளவு சீக்கிரம் தேயாது என்பது பிடுங்கியபிறகுதான் எனக்குத் தெரிந்தது.

ரீலைன் செய்து வந்தபின் பத்து நாளாக ஆடவில்லை, ஒத்துக்கொள்கிறேன். நேற்று முறுக்கைக்கூட உடைத்துப் பின்பல்லில் வைத்து மென்றேன். அப்படியும் கீழ் செட் வேண்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்றுதான் வாய் வருகிறது. மேலே தாராளமாகக் கட்டிக்கொள்டா. கீழே ஒரு பல் உறுதியாக இருந்தாலும், அதை வைத்து என்ன செய்யலாம் என்று இன்னொரு டாக்டரிடம் கேட்காமல் பிடுங்க விடாதே. அப்புறம், அடுத்த முறை வரும்போது ஆயக்குடி கொய்யா வேண்டாம், விருப்பாச்சிப் பழம் ஒரு சீப்பு வாங்கி வா.