அறுவடை இயந்திர முன்பதிவும் மூன்று வருட ஹோஸ்டிங் அனுபவமும்

மன்னார்குடியில் இருந்துகொண்டு சிறிய தொழில்களுக்கு பேக்எண்ட், அதாவது செயலிக்குப் பின்னால் சர்வரில் ஓடும் நிரல், எழுதிக் கொடுப்பது என் வேலை. மூன்று ஆண்டுகளாக என் கையில் வளர்ந்துவரும் ஒரு மாதிரிச் செயலி, நீடாமங்கலம் பக்கத்து அறுவடை இயந்திரக்காரர் ஒருவருக்காகத் தொடங்கியது. எந்த வயலுக்கு எந்த நாள் வண்டி போகிறது, ஈர வயலுக்குப் பெல்ட் வண்டியா, காய்ந்த வயலுக்கு டயர் வண்டியா, எத்தனை மணி நேரம் ஓடியது என்று பதியும். பைத்தான் மொழியும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளமும்தான். இதை இணையத்தில் எந்த சர்வரில் ஏற்றிவைப்பது, அதாவது ஹோஸ்டிங், என்பதில்தான் நிறையக் கற்றுக்கொண்டேன்.

முதல் ஆண்டு தை மாதம், காலை ஏழு மணி. வரப்பில் நின்று அவர் கைபேசியில் பக்கத்தைத் திறந்தார். வெள்ளைத் திரையில் வட்டம் சுற்றியது. பனியில் நனைந்த கட்டைவிரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு மறுபடி தொட்டார். "சிக்னல் இல்லையா தம்பி?" என்றார். சிக்னல் நன்றாகவே இருந்தது. நான் வைத்திருந்த இலவச சர்வர்தான் தூக்கத்திலிருந்து எழுந்துகொண்டிருந்தது. பக்கம் வந்து சேர்வதற்குள் அவர் சட்டைப்பையிலிருந்து நோட்டை எடுத்து எழுதத் தொடங்கிவிட்டார். அந்த நோட்டை மூடவைக்க எனக்கு இன்னொரு போகம் ஆனது.

ஹோஸ்டிங் தளங்களின் இலவச அடுக்குகளில், அதாவது கட்டணமில்லாத திட்டங்களில், இந்தத் தூக்கம் புதிதல்ல. எளிய ஹோஸ்டிங்குக்கு வழிகாட்டிய ஹெரோகுவில் 30 நிமிடம் யாரும் வராவிட்டால் இலவசச் சேவை உறங்கிவிடும் வழக்கம் இருந்தது. அந்த இலவச அடுக்கே 2022 நவம்பர் 28 முதல் நிறுத்தப்பட்டது. அதே வகையான ரெண்டர் தளத்தில் 15 நிமிடத்திலேயே உறங்கிவிடும். எழுவதற்கு ஒரு நிமிடம் வரை ஆகலாம். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தட்டி எழுப்பும் உத்தியையும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மாதத்துக்கு 750 இலவச மணி. 31 நாள் மாதத்துக்கு 744 மணி. ஒரு சேவைக்குத் தாங்கும், இரண்டாவதற்குத் தாங்காது. என்னிடம் எப்போதும் இரண்டு மூன்று மாதிரிகள் இருக்கும் என்பதால் அந்த வழியை விட்டுவிட்டேன். நான் மட்டும் சோதிக்கும் மாதிரி இலவசத்தில் இருக்கட்டும். வேறொருவர் கையில் கொடுக்கும் நாளே உறங்காத கட்டண அடுக்குக்கு மாற்றிவிடுகிறேன்.

அடுத்த பாடம் இன்னும் வலித்தது. ஓட்டுநர்கள் வேலை தொடங்கும்போதும் முடிக்கும்போதும் இயந்திரத்தின் ஹவர் மீட்டரைப் படம் எடுத்து ஏற்றுவார்கள். வாடகைத் தகராறு வந்தால் அந்தப் படம்தான் சாட்சி. ஒரு மாலை ஒற்றை வரித் திருத்தத்தை ஏற்றினேன். அத்தனை படங்களும் போய்விட்டன. இத்தகைய தளங்களில் சேவையோடு வரும் வட்டு தற்காலிகமானது. ஒவ்வொரு புதிய பதிப்புக்கும் சேவை வெறுமையிலிருந்து எழுகிறது. ஆவணத்தில் எழுதியிருந்ததை நான் படிக்கவில்லை. அன்றிரவு ஓட்டுநர்களின் கைபேசிகளிலிருந்து படங்களைத் திரும்பக் கேட்டு வாங்கினேன். இப்போது படங்கள் எல்லாம் தனி ஆப்ஜெக்ட் சேமிப்பில்தான், அதாவது சர்வருக்கு வெளியே கோப்புகளை வைக்கும் இடத்தில். தரவுத்தளத்துக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்: ரெண்டரின் இலவச போஸ்ட்கிரெஸுக்கு 30 நாள்தான் ஆயுள்.

சர்வரும் தரவுத்தளமும் ஒரே ஊரில் இருக்கட்டும். ஒருமுறை சர்வரை சிங்கப்பூரிலும் தரவுத்தளத்தை அமெரிக்காவின் விர்ஜீனியாவிலும் வைத்துவிட்டேன். தரவுத்தளத்திடம் ஒரு வினவல், அதாவது ஒரு கேள்வி, போய்வர 200 மில்லிசெகண்டுக்கு மேல். ஒரு பக்கத்துக்குப் பத்து வினவல் என்றால் இரண்டு விநாடி வீண்.

பணம் கட்டுவதையும் முதலிலேயே சோதித்துப் பாருங்கள். 2021 அக்டோபர் 1 முதல், மாதாமாதம் தானாகப் பணம் எடுக்க வாடிக்கையாளரின் ஒப்புதல் பதிவு வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. டாலரில் வசூலிக்கும் நிறுவனம் அதற்கு ஏற்பாடு செய்யாவிட்டால் உங்கள் அட்டையில் கட்டணம் நின்றுபோகும், அறுவடை நடுவில்.

வீட்டில் ஒரு பழைய கணினியை ஓடவிட்டால் போதாதா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பிறகு வாரக்கணக்கில் மின்சாரம் இல்லாத ஊர்க்காரனிடம் அந்தக் கேள்விக்கு வேறு பதில் கிடையாது. சர்வர் வாடகைக்குத் தரும் டிஜிட்டல்ஓஷனின் பெங்களூர் மையத்தில் சிறிய சர்வர் எடுப்பது நல்ல வழிதான், தூரமும் குறைவு. ஆனால் பாதுகாப்புத் திருத்தம், தளத்துக்கான பாதுகாப்புச் சான்றிதழ், பேக்கப் எல்லாம் நம் தலையில். அணைத்து வைத்தாலும் வாடகை ஓடும், அழித்தால்தான் நிற்கும். டெல்டாவில் வேலை ஆண்டு முழுவதும் ஒரே சீராக வருவதில்லை. குறுவை அறுப்பில் ஒரு கூட்டம், தை மாசியில் சம்பா தாளடி அறுப்பில் பெருங்கூட்டம், மற்ற மாதங்களில் ஒன்றிரண்டு பேர். அதனால் ஒரே பொத்தானில் அடுக்கை ஏற்றி இறக்க முடிகிற தளம்தான் எனக்குப் பொருந்துகிறது. நிரலின் மாற்றங்களைக் காக்கும் கிட்டில் (Git) புஷ் செய்தால் ஏறிவிட வேண்டும், சர்வரில் நடப்பதைக் காட்டும் லாக் உடனே தெரிய வேண்டும். வேறு வசதி எதையும் நான் தேடவில்லை.

இப்போது புரட்டாசி பிறந்ததும் சேவையைக் கட்டண அடுக்குக்கு ஏற்றுகிறேன், மாசிக் கடைசியில் இறக்குகிறேன். தரவுத்தளத்தை மட்டும் ஆண்டு முழுவதும் கட்டணத்திலேயே வைத்திருக்கிறேன். போன போகத்து மணிக்கணக்கைக் கேட்டு ஆனி மாதத்திலும் யாராவது அழைக்கிறார்கள்.