சீதன வீடா, ரொக்கமா, கூட்டுப் பெயரில் காணியா? மணம் முறிந்தால் எது கைகொடுக்கும்?

கிழக்கிலங்கையின் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் கல்யாணம் பேசும்போது மூன்று ஏற்பாடுகள் முன்வைக்கப்படுகின்றன: பெண்ணின் பெயருக்கு எழுதும் சீதன வீடு, மாப்பிள்ளை கைக்குப் போகும் ரொக்கம், மணமான பின் இருவரும் உழைத்து இருவர் பெயரிலும் வாங்கும் காணி. கல்யாண நாளில் இவை ஒரே பெறுமதியாகத் தோன்றலாம். பிரிவு வந்தால் யார் வீட்டில் இருப்பார், யார் வெளியே போவார் என்று கேட்கும்போதுதான் வேறுபாடு தெரியும்.

சீதன வீட்டின் பலம், குலத்தைத் தாய்வழியாகக் கணக்கிடும் இப்பகுதியின் குடி முறையிலிருந்து வருவது. தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியேறுவதே நெடுநாள் வழக்கம் என்பதால், அக்கரைப்பற்றிலோ காத்தான்குடியிலோ அக்காள் தங்கைகளின் வீடுகள் அடுத்தடுத்து நிற்பதைக் காணலாம். கணவன் பிரிந்து போனாலும் பிள்ளைகளின் பாடசாலை மாறுவதில்லை. தாயும் சகோதரிகளும் பக்கத்தில் இருப்பதால் அவள் வேலைக்கும் போகலாம். சட்டமும் துணை நிற்கிறது: வடக்குத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமைப்படி மனைவி தன் அசையாச் சொத்தை விற்பதற்குக் கணவனின் சம்மதம் வேண்டும், அது செல்லாத கிழக்குத் தமிழரிடையே, 1923ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டப்படி, மணமான பெண் தன் சொத்தைத் தனித்தே ஆளலாம்.

இதற்கான விலையைப் பெற்றோர் கொடுக்கிறார்கள். மூன்று பெண் பிள்ளைகள் உள்ள கடற்றொழிலாளி மூன்று வீடு கட்ட வேண்டும். அதற்காகத் தாயோ அண்ணனோ வளைகுடா நாடுகளுக்குப் போகிறார்கள். வீட்டை எழுதிக் கொடுத்துவிட்டுப் பின்னறையில் ஒதுங்கும் பெற்றோரின் நிலையை என்னால் நியாயப்படுத்த முடியவில்லை.

ரொக்கம் மூன்றிலும் பலவீனமானது. கடை முதலாகவோ வாகனமாகவோ அது விரைவில் கரைந்துவிடும். முஸ்லிம் பெண், 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின் கீழ், மாப்பிள்ளைக்குக் கொடுத்த கைக்கூலி எனப்படும் ரொக்கத்தைத் திருப்பித் தருமாறு முஸ்லிம் விவாக நீதிபதியான காதியிடம் கோரலாம் என்றாலும், எழுத்தில் இல்லாத தொகையை நிரூபிப்பது கடினம்.

சம்பளம் பெறும் தம்பதியர் வங்கிக் கடனில் கூட்டாக வாங்கும் வீடு, பெற்றோரைக் கடனாளியாக்காத நேர்மையான ஏற்பாடு. ஆயினும் பிரியும்போது இணக்கம் இல்லையேல் பங்கு வழக்குக்குத்தான் போக வேண்டும். துண்டாட முடியாத சிறு வீடு விற்பனைக்கு வரும், பிள்ளைகள் வாடகை வீட்டுக்குப் போவார்கள்.

2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின் கட்டிக் கொடுக்கப்பட்ட வீடுகள் பல, குடும்பத் தலைவர் என்ற முறையில் கணவனின் பெயருக்கே பதியப்பட்டன. சீதன வளவை இழந்த பெண்களில் பலர், மாற்று வீட்டில் உரிமை இல்லாதவர்கள் ஆனார்கள். வழக்கத்தை மட்டும் நம்பியிருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

எனவே என் தெரிவு, சிறியதாயினும் பெண் பெயரிலான வீடே. அதுவும் வாய்ப்பேச்சாக அன்றி, நொத்தாரிசு முன் முடிக்கப்பட்ட நன்கொடை உறுதியாக இருக்க வேண்டும். அதில் பெற்றோர் தம் சீவிய உருத்தை, அதாவது உயிருள்ளவரை அங்கு வாழும் உரிமையை, ஒதுக்கிக்கொண்டால் அவர்களை எவரும் வெளியேற்ற முடியாது. கணவனின் கடனுக்காக வீட்டை ஈடுவைக்குமாறு மகளை நெருக்குவதும் எளிதாக இராது. அந்த வீட்டுக்கு மேல்மாடி கட்டப் பல ஆண்டு உழைப்பைப் போட்ட கணவனுக்கும் நியாயம் வேண்டும். அவன் செலவுக்கு இருவரும் கையொப்பமிட்ட கணக்கு ஒன்றை, உறவு நன்றாக இருக்கும் காலத்திலேயே எழுதி வைத்துக்கொள்ளலாம்.