நெருஞ்சி முள்ளுக்கு ரப்பர் பால்: ட்யூப்லெஸ் டயரோடு இரண்டு வருடம்

கொலராடோவுக்குக் குடிவந்த முதல் கோடையில், பஞ்சரான என் மலைச் சைக்கிள் டயரிலிருந்து ஒரு முள்ளைப் பிடுங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். கொம்பு முளைத்த ஆட்டுத்தலை மாதிரி இருப்பதால் இங்கே இதற்கு 'கோட்ஹெட்' என்று பெயர். நமக்கு நெருஞ்சி. அதே செடிதான், ட்ரிபுலஸ் டெரஸ்ட்ரிஸ். இதை ஒழிக்க 1961-இல் அமெரிக்காவுக்கு இரண்டு வகை வண்டுகளைக் கொண்டுவந்து விட்டார்கள். அந்த வண்டுகளுக்கும் இந்தியா ஒரு பூர்வீகம். என் டயரைப் பார்த்தால் வண்டுகள் இன்னும் வேலையை முடிக்கவில்லை. அந்த ஒரு கோடையில் ஏழு ட்யூப் மாற்றினேன்.

நான் ஓட்டுவது பெரும்பாலும் போல்டருக்குத் தெற்கே, மலையடிவாரப் புல்வெளிகளில். டௌடி டிரா பாதையில் ஏறி, ஸ்பிரிங் புரூக் வளையத்தைச் சுற்றி, ஃபிளாட்அயர்ன்ஸ் விஸ்டா மேட்டில் வெளியே வருவேன். ஒரு பக்கம் சாத்திவைத்த பலகைகள் போலப் பாறைகள், மறுபக்கம் முடிவில்லாத சமவெளி. மாடு மேயும் நிலம் என்பதால் கேட்டைத் திறந்தால் மூடிவிட்டுத்தான் போக வேண்டும். 1967-இல் இந்த ஊர்க்காரர்கள் ஓட்டுப் போட்டு, தங்களுக்குத் தாங்களே விற்பனை வரி போட்டுக்கொண்டு இப்படிப்பட்ட நிலங்களை வாங்க ஆரம்பித்தார்கள். பக்கத்து பெட்டாஸோவும் அழகான இடம்தான், ஆனால் அங்கே புதனும் சனியும் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. எனக்கு லீவே சனிக்கிழமைதான்.

முள் இருப்பது இந்தப் புல்வெளியின் நடுவில் அல்ல. பார்க்கிங் ஓரம், சாலையோரம், மண் கிளறிப்போட்ட இடம், அங்கேதான் படர்ந்து கிடக்கும். காரிலிருந்து சைக்கிளை இறக்கி உருட்டிய பத்தாவது அடியில் ஏறிவிடும். பஞ்சர் தெரிவதோ ஆளில்லாத மேட்டில்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ட்யூபையே எடுத்துவிட்டு, ரிம்முக்கு டேப் ஒட்டி, டயருக்குள் நேராக லேடெக்ஸ் சீலன்ட், அதாவது ஓட்டையை அடைக்கும் ரப்பர் பால், ஊற்றும் முறைக்கு மாறினேன். 29 அங்குலச் சக்கரம், 2.4 அங்குல டயர், ஒரு டயருக்குச் சுமார் 110 மில்லி. மூடியைத் திறந்ததும் அம்மோனியா நெடி. குலசேகரத்தில் மாமாவின் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவனுக்கு அது என்னவென்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. அங்கேயும் பால் உறையாமல் இருக்க அம்மோனியாதான் ஊற்றுவார்கள்.

முதல் முறை ஒரு கடையில் கொடுத்துச் செய்தேன், கூலி மட்டும் 50 டாலர். ரிம் டேப்பைச் சுருக்கம் விழ ஒட்டியிருக்கிறார்கள். இரண்டே நாளில் ரிம்மில் ஸ்போக் கம்பி மாட்டும் துளை வழியாகக் காற்று இறங்கிவிட்டது. திருப்பிக் கொண்டுபோனால், "மலை முள் குத்தியிருக்கும்" என்றார் அந்தத் தம்பி. அப்புறம் நானே உட்கார்ந்து செய்தேன். டேப்பை இழுத்துப் பிடித்து ஒட்டுவதுதான் முழு வித்தையும். டயர் ரிம்மில் 'டப் டப்' என்று உட்காரச் சாதாரண கைப்பம்ப் போதாது, பெட்ரோல் பங்கில் கம்ப்ரசர் வைத்துப் பிடித்தேன்.

பலன்? முள்ளைப் பிடுங்கினால் 'உஸ்' என்று வெள்ளையாக நுரைக்கும். அந்த ஓட்டை கீழே வரும்படி சக்கரத்தைச் சுழற்றி நிறுத்தினால் பத்து எண்ணுவதற்குள் அடைத்துக்கொள்கிறது. அதைவிட எனக்குப் பிடித்தது காற்றழுத்தம். ட்யூப் இருந்தபோது 30 பிஎஸ்ஐ-க்குக் கீழே இறக்கப் பயம். கல்லில் மோதினால் ட்யூப் நசுங்கி ஒரே நேரத்தில் இரண்டு ஓட்டை விழும். இப்போது முன்சக்கரம் 22, பின்சக்கரம் 25. என் எடை 74 கிலோ. பின்பக்கம் சஸ்பென்ஷன் இல்லாத சைக்கிள் என்னுடையது. ஸ்பிரிங் புரூக் இறக்கத்தில் முன்பெல்லாம் பல் கிடுகிடுக்கும், இப்போது அது பாதிதான்.

போனில் மாமாவிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "காத்துப் பட்டா பால் உறையத்தான செய்யும் மக்களே? எத்தன நாளு நிக்கும்?"

எந்த விளம்பரத்திலும் பெரிய எழுத்தில் போடாத கேள்வி அது. இங்கே ஈரப்பதம் மிகக் குறைவு, கோடை வெயில் வேறு. அக்டோபரில் டயரைக் கழற்றினால் உள்ளே பாலே இல்லை. சுவரெல்லாம் உறைந்துபோன ஒட்டுப்பால், அடியில் ஒரு சிறு பந்து. சின்ன வயதில் ரப்பர் மரத்துச் சிரட்டையிலிருந்து பிய்த்தெடுத்து விளையாடியதே, அச்சு அசல் அதுதான். அதற்கு முந்தின ஒரு மாதம் காய்ந்த டயரோடுதான் ஓடியிருக்கிறேன் போல. அந்த மாதம் முள் குத்தாதது என் அதிர்ஷ்டம். இப்போது மே முதல் செப்டம்பர் வரை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வால்வின் உள் ஆணியைக் கழற்றி, ஊசியில்லாத சிரிஞ்சால் 60 மில்லி ஏற்றுகிறேன். வால்வும் பால் உறைந்து அடைத்துக்கொள்ளும், ஒரு ஜோடி உள் ஆணி உதிரியாக வைத்திருங்கள். டப்பாவைக் கை வலிக்கக் குலுக்கிவிட்டு ஊற்றுங்கள். ஓட்டையை அடைக்கும் துகள்கள் அடியில் தங்கிவிடும்.

வாரம் ஒருமுறை தார்ச்சாலையில் மட்டும் ஓட்டுகிறவருக்கு இந்தச் சள்ளை வேண்டாம், கெட்டியான ட்யூபே போதும். டயர் பக்கவாட்டில் கல் கிழித்தாலும் இந்தப் பால் காப்பாற்றாது. அதனால் ஒரு ட்யூப் இன்னும் என் பையில் இருக்கிறது, இரண்டு வருடமாகப் பிரிக்காமல்.

ஊற்றும்போது நல்ல சட்டை போடாதீர்கள். என் நீலச் சட்டையில் தெறித்த பால் எந்தச் சோப்புக்கும் போகவில்லை. மாமாவுக்குப் பால் வெட்டப் போகத் தனிச்சட்டை உண்டு. எனக்கும் இப்போது ஒன்று கராஜில் தொங்குகிறது.